நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல

தீபாவளி நெருங்கினாலே எங்கள் ஓ.பி.யில் ஜவுளிக்கடைக் கால்கள் வர ஆரம்பித்துவிடும். நெல்லை வண்ணாரப்பேட்டையிலும் டவுன் ரத வீதிகளிலும் கூட்டம் அலைமோதுகிற மாதம். காலையில் கவுண்டருக்குள் போன பிள்ளைகள் சாப்பாட்டு நேரம் தவிர ராத்திரி கடை அடைக்கும்வரை நிற்கிறார்கள். நாங்குநேரி, களக்காடு, திசையன்விளை பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கிறவர்கள் இதில் நிறைய. கால் வலியை வீட்டில் சொன்னால் "வேலையை விட்டுட்டு வந்துரு" என்பார்கள் என்று பயந்து, சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

போன வாரம் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்கு மேலே புடைத்திருந்த ரத்தக்குழாயின் மேல் அரிப்பு. சொறிந்ததில் தோல் கிழிந்து ரத்தம் பீய்ச்சியிருக்கிறது. இதில் பெரும்பாலும் வலி இருக்காது. தரை வழுக்குவதைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் புண்ணில் காப்பித்தூளை அப்பி, முழங்காலுக்குக் கீழே துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கூட்டி வந்தார்கள். பாசத்தோடுதான் செய்தார்கள், ஆனால் செய்த மூன்றும் தப்பு. மேலே இறுக்கிக் கட்டினால் மேலே போக வேண்டிய ரத்தமும் போகாமல் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். தரையில் படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். பெரும்பாலும் ரத்தம் அதிலேயே நின்றுவிடும். அப்புறம் படுக்கவைத்தபடியே 108-இல் கொண்டுவாருங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கால் புடைக்க ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை மெடிக்கலில் கேட்டு வாங்கிய சத்து மாத்திரை. புடைத்திருப்பதை நரம்பு என்று நினைத்துக்கொண்டு பி12 மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. புடைத்திருப்பது ரத்தக்குழாய். நோயின் பெயர் வெரிகோஸ் வெயின். எந்தச் சத்து மாத்திரையும் அதைச் சுருக்காது.

ஆனால் இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொன்று. "தினமும் கொஞ்சம் நடங்க" என்று சொன்னால் உடனே வருகிற பதில்: "நாள் பூரா நின்னுக்கிட்டுதான இருக்கேன் சார், இதுக்கு மேல என்னத்த நடக்க?" முதலாளிமாரும் இதையே வேறு விதமாகச் சொல்லுகிறார்கள். "உக்காந்தே இருந்தா சுகர் வருது, பிரஷர் வருதுன்னு நீங்கதான சொல்லுதிய? எங்க கடைப் பிள்ளைய நின்னுக்கிட்டு இருக்கு, உடம்புக்கு நல்லதுதான?"

இல்லை, அண்ணாச்சி. நின்றால் நடந்த கணக்கில் வராது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரசம். அதே ஆள் பத்து எட்டு நடந்தால் அது 30-க்குக் கீழே இறங்கிவிடும். காரணம் கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு எட்டுக்கும் அது இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளியது திரும்ப இறங்காமல் தடுக்க உள்ளே சின்னச் சின்ன வால்வுகள், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி. நிற்கிறவரின் கெண்டைக்கால் அந்த வேலையைச் செய்வதில்லை. ரத்தம் கீழேயே தேங்கி, அழுத்தம் ஏறி, வருடக்கணக்கில் அந்த வால்வுகள் பழுதாகின்றன. எட்டு மணி நேரம் நின்றவர் எட்டு மணி நேரம் காலுக்குச் சுமை ஏற்றியிருக்கிறார். உடற்பயிற்சி ஒரு நிமிடம்கூடச் செய்யவில்லை. கடைக்குள்ளேயே பத்தடி அங்கே பத்தடி இங்கே என்று நடந்துகொண்டிருக்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே கவுண்டருக்குப் பின்னால் நாலடி இடத்தில் நிறுத்திவைக்கப்பட்டவருக்குத்தான் பாடு.

எல்லாப் பழியையும் நிற்பதன் தலையில் போடவும் முடியாது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளைப்பேறும் உடல் எடையும் சேர்ந்துகொள்ளும். அப்படி ஏற்கெனவே வாய்ப்புள்ள ஒருவரை நாள் முழுக்க நிற்கவைப்பது எரிகிற தீயில் எண்ணெய். ஜவுளிக்கடைப் பிள்ளைகள் மட்டும் என்றில்லை. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், அல்வாச் சட்டி முன்னால் நின்று கிண்டுகிறவர், சலூன்காரர், டிராபிக் போலீஸ், கரும்பலகையை விட்டு நகராத ஆசிரியர் எல்லாரையும் பார்த்திருக்கிறேன். (மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களுக்கு இதற்கு நேர் எதிர்த் தொல்லை. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து இடுப்பு போய்விடுகிறது. அது தனியாக எழுத வேண்டிய கதை.)

உட்கார நாற்காலி கொடுப்பது முதலாளியின் தயவு என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு: 2018-இல் கேரளம் இதைச் சட்டமாக்கியது. 2021-இல் நம் சட்டமன்றமும் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். "ஸ்டூல் கிடக்கு சார், உக்காந்தா கேமராவுல பாத்து ஏசுவாவ" என்று ஒரு பிள்ளை சொன்னது. அப்படிக் கிடக்கிற ஸ்டூலால் யாருக்கு என்ன லாபம்? வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்கிறார்கள். நம் டவுனில் பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கடைக்காரர் உட்கார்ந்து சேலையை விரிப்பார், வாங்க வந்த ஆச்சிமாரும் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். யாருக்கும் மரியாதை குறைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

சரி, நிற்கிறவர்கள் என்ன செய்யலாம்? கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே செய்யலாம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். ராத்திரி கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். தரையில் படுக்கிறவர்கள் காலுக்குத் தலையணை வைத்தால் போதும்.

இறுக்கமான மருத்துவக் காலுறை நல்லதுதான். நம் ஊர் வெயிலுக்கு அது தண்டனை, எனக்கும் தெரியும். ஆனாலும் அளவெடுத்து வாங்கி, காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே மாட்டுங்கள். வீங்கிய பிறகு மாட்டிப் பயனில்லை. சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிக்கிறவர்களும் காலில் நாடி பார்க்காமல் அதைத் தொடவே வேண்டாம். காலுக்கு வரும் ரத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அது விபரீதம்.

கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்தால் அதைப் படை என்று நினைத்துக் கடைக் களிம்பைத் தடவாதீர்கள். அடுத்து அங்கேதான் ஆறாத புண் வரும். புடைத்த குழாய் சிவந்து, கயிறு மாதிரி கெட்டியாகி வலித்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள்.

இதற்கு, குழாயில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் உண்டு, லேசர் உண்டு, அறுவை சிகிச்சையும் உண்டு. காசு இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். டாக்டரிடம் காட்ட வரும்போது காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு வராமல், வேலை முடிந்த கையோடு சாயங்காலம் வாருங்கள். படுக்கவைத்துப் பார்த்தால் புடைப்பு அமுங்கிவிடும். டாக்டர் மறந்துவிட்டால் நீங்களே எழுந்து நின்று காட்டுங்கள்.