ஃபோல்டரில் இருக்கிறது, கிட்டில் இருக்கிறதா?

"அண்ணா, தினமும் கமிட் பண்ணிட்டுத்தான் இருந்தேன். ஆனா ஃபைலையே காணோம்."

குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன தம்பி ஒருவர் என் மேசைக்கு வந்து இதைச் சொன்னபோது முகத்தில் ஈயாடவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய நிரல். ஒவ்வொரு மாலையும் கமிட் செய்திருக்கிறார், அதாவது நிரலின் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் அன்றைய நிலையைப் பதிவு செய்திருக்கிறார். கமிட்டுகளின் பட்டியலான லாகை எடுத்துப் பார்த்தால் மூன்று கமிட்டும் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவர் புதிதாக உருவாக்கிய இரண்டு கோப்புகள் அவற்றில் எதிலுமே இல்லை.

டெர்மினலை மேலே உருட்டிப் பார்த்ததும் கதை புரிந்துவிட்டது. மூன்று நாளும் அவர் அடித்தது 'கிட் கமிட் ஹைஃபன் ஏ எம்'. (கட்டளைகளை உச்சரிக்கிறபடியே எழுதுகிறேன், தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) அந்த 'ஏ' எல்லாவற்றையும் சேர்த்துவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, பெயர் அப்படி. ஆனால் அது, கிட்டுக்கு ஏற்கெனவே அறிமுகமான கோப்புகளில் நடந்த மாற்றங்களை மட்டுமே அள்ளிக்கொண்டு போகும். புதுக் கோப்பை ஏறெடுத்தும் பார்க்காது. மூன்றாம் நாள், எதெது மாறியிருக்கிறது, எது கிட்டில் இல்லை என்று காட்டும் ஸ்டேட்டஸ் பார்த்திருக்கிறார். பில்ட் போட்டதில் விழுந்த குப்பையெல்லாம் சிவப்பு எழுத்தில் பக்கம் பக்கமாக வந்திருக்கிறது. எங்கேயோ தேடிப் பிடித்து 'கிட் கிளீன் ஹைஃபன் எஃப் டி' என்று அடித்துவிட்டார். குப்பையோடு அந்த இரண்டு கோப்புகளும் போய்விட்டன. அவையும் அதே சிவப்புப் பட்டியலில்தான் இருந்தன.

பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். கிட் கோப்பைத் தொலைத்துவிட்டது என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருடைய கதை இதுதான். கிட் எதையும் தொலைக்கவில்லை. அதன் கையில் யாரும் எதையும் கொடுக்கவே இல்லை.

'கிட் இனிட்' அடித்தால் அந்த ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'டாட் கிட்' என்றொரு மறைவு ஃபோல்டர் உருவாகிறது. கிட்டின் உலகம் முழுவதும் அதற்குள்தான். வெளியே நாம் பார்க்கும், திறக்கும், திருத்தும் கோப்புகள் வேலை செய்ய எடுத்து வைத்திருக்கும் பிரதிகள், அவ்வளவுதான். டச் கட்டளை மூலமோ எடிட்டரிலோ ஒரு புதுக் கோப்பை உருவாக்கினால் அது வெளியேதான் நிற்கிறது. 'கிட் ஆட்' என்று சொல்லும் அந்தக் கணத்தில்தான் அதன் உள்ளடக்கம் சுருக்கப்பட்டு, 40 எழுத்து நீளமுள்ள ஒரு ஷா-1 அடையாளத்தோடு, டாட் கிட்டுக்குள் ஒரு பொருளாகப் போய் உட்காருகிறது. கவனியுங்கள், ஆட் செய்யும்போதே உள்ளடக்கம் உள்ளே போய்விடுகிறது. கமிட் என்பது, அந்த நேரத்தில் ஸ்டேஜில், அதாவது ஆட் செய்தவை கமிட்டுக்குக் காத்திருக்கும் இடத்தில், என்னென்ன இருந்தன என்பதற்குப் பெயர், தேதி, காரணம் எழுதி ஒரு பக்கத்தை முடித்து வைப்பது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அந்தத் தம்பி ஒரே ஒரு முறை ஆட் செய்துவிட்டு, கமிட் செய்யாமலே 'கிட் ரீசெட் ஹார்ட்' போட்டு அழித்திருந்தால்கூட நான் மீட்டுக் கொடுத்திருப்பேன். 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட் ஃபவுண்ட்' விருப்பத்தோடு ஓட்டினால், எந்தக் கமிட்டோடும் ஒட்டாமல் அநாதையாகக் கிடக்கும் பொருள்களை எடுத்து டாட் கிட்டுக்குள் ஒரு தனி ஃபோல்டரில் போட்டுக் கொடுக்கும். கோப்பின் பெயர் இருக்காது, உள்ளடக்கம் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து 'ஆமா, இதுதான்' என்று அடையாளம் காண வேண்டும். அதுவும் எந்நாளும் நிற்காது. குப்பை அள்ளும் வேலையை கிட் அவ்வப்போது தானே செய்துகொள்ளும்; இயல்பான அமைப்பில் இரண்டு வாரத்துக்கு மேல் பழையதான அநாதைகளை அது கழித்துவிடும்.

ஆனால் ஆட் செய்யாத கோப்புக்கு இந்த வழியும் கிடையாது. கிளீன் கட்டளை நேராகக் கோப்பை அழிக்கும். குப்பைத்தொட்டிக்கு அனுப்பி வைக்கிற கரிசனமெல்லாம் அதற்கு இல்லை. அன்றைக்கு அவர் எடிட்டர் சேமித்து வைத்திருந்த உள்ளூர் வரலாற்றிலிருந்து முக்கால்வாசி கிடைத்தது. மீதியை அந்தச் சனிக்கிழமை மறுபடி எழுதினார். இப்போதெல்லாம் கிளீன் அடிப்பதற்கு முன் 'ஹைஃபன் என்' போட்டு ஒத்திகை பார்க்கிறார். எதையெதை அழிக்கப் போகிறேன் என்று அது பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது. நானும் அப்படித்தான், இத்தனை வருடத்துக்குப் பிறகும்.

கோப்பை ஒரு அமைப்பின் பொறுப்பில் ஒப்படைப்பது என்ற எண்ணம் கிட்டோடு வந்ததில்லை. கிட்டுக்கு முந்தைய இதே வகைக் கருவிகளான, 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி உருவாக்கிய ஆர்சிஎஸ் இரண்டிலும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக ஒப்படைக்கப்பட்டது. ஆர்சிஎஸ்ஸில் திருத்த வேண்டுமானால் பூட்டி எடுக்க வேண்டும்; ஒருவர் பூட்டை வைத்துக்கொண்டு விடுப்பில் போய்விட்டால் மற்றவர்கள் கையைப் பிசைய வேண்டியதுதான். பின்னால் வந்த சிவிஎஸ்ஸில் ஒரு கோப்பை நீக்கினால் அது 'ஆட்டிக்' என்ற ஃபோல்டருக்குப் போகும். ஆட்டிக் என்றால் பரண். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. நீக்கியது எதுவும் போகவில்லை, கண்ணில் படாத இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். லினக்ஸ் குழுவுக்குக் கிடைத்துவந்த பிட்கீப்பர் என்ற இதே வகை மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோன 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். அதில் பரண் என்று தனியாக ஒன்று இல்லை. வரலாறு முழுவதுமே பரண்தான்.

நீக்குவதில் நடக்கும் குழப்பம், சேர்ப்பதில் நடப்பதைவிட ஆபத்தானது.

சாதாரண 'ஆர்எம்' போட்டு ஒரு கோப்பை அழித்தால், வேலைப் பிரதி போகிறது. கிட்டின் கணக்கில் அது இன்னும் இருக்கிறது. 'கிட் ஆர்எம்' போட்டால் பிரதியும் போகும், அடுத்த கமிட்டில் அது இருக்காது என்பதும் பதிவாகும். இது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். 'கேஷ்ட்' விருப்பத்தோடு 'கிட் ஆர்எம்' போடுவது மூன்றாவது வழி: கோப்பு என் கணினியில் இருக்கட்டும், கிட் மட்டும் அதைக் கண்காணிப்பதை விட்டுவிடட்டும். தவறுதலாகக் கமிட் ஆகிவிட்ட அமைப்புக் கோப்புகளுக்கு (நிரலின் அமைவுகளை எழுதி வைப்பவை) இணையத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து இதுதான். மருந்தின் பக்கவிளைவை மட்டும் யாரும் சொல்வதில்லை. உங்கள் கணினியில் கோப்பு இருக்கும், சரி. அந்தக் கமிட்டைப் புல் செய்கிற, அதாவது தன் கணினிக்கு இழுத்துக்கொள்கிற, சக ஊழியரின் கணினியில் அது அழிந்துவிடும். அவருடைய கிட்டைப் பொறுத்தவரை அது வெறும் நீக்கம். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆறு பேருடைய அமைப்புக் கோப்பை இப்படி ஒரே நேரத்தில் காணாமல் போகச் செய்த பெருமை எனக்கு உண்டு. இப்போது என் கமிட்டைப் பொது இடத்துக்கு ஏற்றும் புஷ் செய்வதற்கு முன் குழுவில் ஒரு வரி எழுதிவிடுகிறேன்: 'புல் பண்றதுக்கு முன்னாடி இந்த ஃபைலை வேற இடத்துல எடுத்து வச்சுக்கோங்க.'

அடுத்தது 'டாட் கிட்இக்னோர்', கிட் கண்டுகொள்ள வேண்டாத கோப்புகளின் பட்டியல். ஏற்கெனவே கண்காணிப்பில் இருக்கும் கோப்பின் மீது இது எந்த வேலையும் செய்யாது. அதில் பெயரை எழுதிவிட்டு, 'எழுதிட்டேனே, அப்புறமும் ஏன் ஸ்டேட்டஸ்ல வருது' என்று கேட்பவர்களை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். இக்னோர் என்பது வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே வந்துவிட்டவரை வெளியேற்றுவது அவர் வேலையில்லை. மாறாக, நீங்கள் சேர்க்க நினைக்கும் கோப்பு சேர மறுக்கிறதென்றால் 'கிட் செக் இக்னோர் ஹைஃபன் வி' என்று அந்தக் கோப்பின் பெயரோடு கேளுங்கள். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி தடுக்கிறது என்று சொல்லிவிடும்.

இக்னோரில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது, பல வருட அனுபவம் உள்ளவர்களே மாட்டிக்கொள்வது. புறக்கணிக்கச் சொன்ன கோப்பை, போனாலும் பரவாயில்லாத கோப்பு என்றுதான் கிட் எடுத்துக்கொள்கிறது. கண்காணிப்பிலிருந்து விலக்கி இக்னோரில் போட்ட ஓர் அமைப்புக் கோப்பை எடுத்துக்கொள்வோம். அது கண்காணிப்பில் இருந்த பழைய கமிட்டுக்கு நீங்கள் செக்அவுட் செய்து திரும்பிப் போனால், இன்றைய உங்கள் கோப்பின் மீது பழையது எழுதப்பட்டுவிடும், ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லாமல். திரும்பி இன்றைய கிளைக்கு வந்தால் அதையும் நீக்கிவிட்டுப் போகும். இரண்டு தாவல், கோப்பே இல்லை. சாதாரணமாகக் கண்காணிப்பில் இல்லாத கோப்பாக இருந்தால், 'இது மேலெழுதப்படும்' என்று மறுத்து நின்றிருக்கும். இக்னோரில் இருப்பதால்தான் இந்தக் கதி.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட்டுக்குக் காலி ஃபோல்டர் என்ற ஒன்று கிடையாது. உள்ளே ஒரு கோப்பாவது வேண்டும், அதனால்தான் பலரும் 'கிட்கீப்' என்று ஒரு காலிக் கோப்பைப் போட்டு வைக்கிறார்கள். அது மரபுதான், விதி இல்லை. பெயர் மாற்றத்தையும் கிட் எங்கும் பதிவு செய்வதில்லை. 'கிட் எம்வி' என்பது பழையதை நீக்கிப் புதியதைச் சேர்ப்பதன் சுருக்கவழி மட்டுமே. நீங்கள் வரலாற்றைக் கேட்கும்போது, இரண்டு கோப்புகளும் பாதிக்கு மேல் ஒத்துப்போனால் 'இது பெயர் மாறியிருக்கும்' என்று ஊகித்துக் காட்டுகிறது. ஆகவே, பெயரை மாற்றும் கமிட்டில் உள்ளடக்கத்தையும் புரட்டிப் போடாதீர்கள். முதலில் பெயர், அதைக் கமிட் செய்துவிட்டுப் பிறகு திருத்தம். அனுமதிகளில் இயக்கலாமா கூடாதா என்ற ஒரே ஒரு தகவலைத்தான் அது நினைவில் வைத்துக்கொள்ளும். பெரிய கோப்புகளைப் பற்றி ஒரே எண்: நிரல்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அடுத்த கமிட்டில் நீக்கினாலும் புஷ் மறுக்கப்படும், ஏனென்றால் முந்தைய கமிட்டில் அது இருக்கிறதே.

அந்த 'முந்தைய கமிட்டில் இருக்கிறதே' என்பதுதான் என்னை ஒரு முறை விடிய விடிய உட்கார வைத்தது.

ஒரு சேவையின் ரகசியச் சாவி இருந்த 'டாட் என்வ்' கோப்பு, 'கிட் ஆட் டாட்' என்ற ஒரே வீச்சில் உள்ளே போயிருந்தது. புள்ளி போட்டு எல்லாவற்றையும் சேர்ப்பது வசதிதான். ஆனால் எதைச் சேர்த்தோம் என்று 'கிட் டிஃப் ஸ்டேஜ்ட்' போட்டு யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கவனித்த ஒருவர், நல்ல மனதோடு, கோப்பை நீக்கி, இக்னோரில் சேர்த்து, 'சாவி நீக்கப்பட்டது' என்று செய்தி எழுதிக் கமிட் செய்து புஷ் செய்தார். ரெப்போ, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த களஞ்சியம், பொதுவெளியில் இருந்தது. அந்தச் செய்தியே, எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டிப் பலகை நட்டது போல ஆகிவிட்டது. ஒரு கமிட் பின்னால் போனால் சாவி பளிச்சென்று இருக்கிறது. பொது ரெப்போக்களைச் சாவிகளுக்காகவே ஓயாமல் துழாவுகிற நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் செய்தியைப் படிக்கும் சிரமம்கூட இல்லை.

அன்றிரவு நாங்கள் செய்த முதல் தவறு, வரிசை. வரலாற்றைச் சுத்தம் செய்வதில் மூன்று மணி நேரம் போய்விட்டது. சாவி அது வரைக்கும் உயிரோடு இருந்தது. முதலில் செய்ய வேண்டியது, சாவியை வழங்கிய சேவையில் போய் அதைச் செல்லாததாக்கிப் புதியது எடுப்பது. பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி யார் கையில் இருந்தாலும் கவலையில்லை. வரலாற்றைத் திருத்துவது அதற்குப் பிறகு, அவசரமில்லாமல் செய்யலாம். பல சமயம் செய்யாமலே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால், திருத்துவது அத்தனை எளிதில்லை. 'கிட் ஃபில்டர் ரெப்போ' போன்ற கருவி அந்தக் கோப்பைத் தொட்ட முதல் கமிட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிறது. ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் அதன் பெற்றோரின், அதாவது அதற்கு முந்தைய கமிட்டின், அடையாளத்தைச் சார்ந்தது என்பதால், அதற்குப் பிறகு வந்த எல்லா அடையாளங்களும் மாறுகின்றன. வலுக்கட்டாயமாகப் புஷ் செய்ய வேண்டும். ஏற்கெனவே பிரதி எடுத்தவர்களின் கணினியில் பழைய வரலாறு அப்படியே இருக்கும். தங்களுக்கென்று தனிப் பிரதியாக ஃபோர்க் செய்தவர்களிடமும் இருக்கும். அவற்றின் மேல் நமக்கு அதிகாரமில்லை.

நாங்கள் அதிகாலை நாலு மணிக்கு எல்லாவற்றையும் முடித்து, வலுக்கட்டாயமாகப் புஷ் செய்து, லாகில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, ஒன்றும் வராததைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனோம். காலை பத்து மணிக்கு, இரவு நடந்தது எதுவும் தெரியாத ஒரு தோழி தன் பழைய பிரதியில் புல் செய்திருக்கிறார். இரண்டு வரலாறுகளையும் கிட் சமர்த்தாக இணைத்துக் கொடுத்திருக்கிறது. அவர் புஷ் செய்தார். சாவிக் கோப்பு தன் பழைய கமிட்டோடு ரெப்போவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இரண்டாம் முறை திருத்தியபோது, குழுவில் எல்லோரும் பழைய ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக குளோன் செய்தார்கள். ஒவ்வொருவர் மேசைக்கும் நானே போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.