பாரிஸ் முழுக்க ஏசி போட்டால்?

2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். பொழுது சாய்ந்த பிறகும் பாரிஸ் தணியவில்லை. உடல் ஓய்வெடுக்க வேண்டிய இரவிலும் அனல் விடவில்லை. சரி, இனி எல்லோரும் ஏசி வாங்கிவிட்டால் தீர்ந்ததா? ஏசி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்ற ஒரு பங்கு மின்சாரம் செலவானால், தெருவில் வந்து விழுவது நான்கு பங்கு. அது தெருவை எத்தனை டிகிரி சூடாக்கும் என்று வெப்பமானியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஏசியே இல்லாத இன்னொரு பாரிஸ் வேண்டும். அந்தப் பாரிஸைத்தான் கணினிக்குள் கட்டுகிறார்கள்.

உலகக் காலநிலையைக் கணினியில் கணக்கிடும் மாதிரிகள் இதற்கு உதவாது. அவற்றில் பல, பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவை. பாரிஸும் அதைச் சுற்றியுள்ள வயல்களும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டத்தைச் சிறிதாக்கலாம். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை எட்டு மடங்காகும். காற்று ஒரே தாவலில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பதால் நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆக 16 மடங்கு வேலை. ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் உருவான 'பால்ம்' போன்ற மாதிரிகள் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாக வைத்து, முக்குச் சந்தில் சுழலும் காற்றைக்கூடக் காட்டிவிடும். அற்புதமான வேலை. ஆனால் முழு நகரத்துக்கும் வாரக்கணக்கில் ஓட்டுவதென்றால் சூப்பர் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும்.

பிரான்ஸ் வானிலைத் துறையின் வலேரி மாசோன் 2000-இல் வேறு வழியில் போனார். அவருடைய 'டெப்' மாதிரியில் கட்டடங்களே தனித்தனியாகக் கிடையாது. கூரை, சுவர், சாலை என்று மூன்றே பரப்புகள். ஒரு கட்டத்துக்குள் எத்தனை நூறு தெருக்கள் இருந்தாலும், அத்தனைக்கும் பதிலாகச் சராசரி உயரமும் அகலமும் கொண்ட ஒரே தெரு. அது எந்தத் திசையில் ஓடுகிறது? எல்லாத் திசைகளிலும் சம வாய்ப்பு என்று வைத்துச் சராசரி எடுத்துவிட்டார். எதை விடலாம் என்று இவ்வளவு தெளிவாக முடிவெடுத்ததைத்தான் நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

இவ்வளவையும் விட்ட பிறகும் நகரத்தின் உயிர்நாடி அந்த மாதிரியில் இருக்கிறது. இரவில் தார்ச்சாலை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக் குளிர்கிறது. திறந்த வயலுக்கு மேலே முழு வானமும் உண்டு. 20 மீட்டர் அகலத் தெருவின் இருபுறமும் 20 மீட்டர் உயரத்துக்குக் கட்டடங்கள் நின்றால், சாலைக்குக் கிடைக்கும் வானம் 41 சதவீதம்தான். தெரு 10 மீட்டராகக் குறுகினால் 24 சதவீதம். மீதிக் கதிர் சுவரில் பட்டு, அதில் பெரும்பகுதி அங்கேயே உறிஞ்சப்படுகிறது. சூடான சுவர் மறுபடி தெருவை நோக்கியே வீசுகிறது. சாலைக்குக் கிடைக்கும் வானத்தின் பங்கைப் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம்: உயரத்தை அகலத்தால் வகுத்து, விடையின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து முதல் விடையைக் கழித்தால் போதும்.

மற்றதெல்லாம் வரவு செலவுக் கணக்கு. வெயில், எரிபொருள், மின்சாரம் எல்லாம் வரவு. காற்றைச் சூடாக்குவது, நீரை ஆவியாக்குவது, சுவருக்கும் சாலைக்கும் உள்ளே இறங்குவது மூன்றும் செலவு. ஈரமான வயலில் பெரும்பங்கு ஆவியாதலுக்குப் போய்விடும். நகரத்தில் அதற்கு ஈரம் போதாது. கான்கிரீட்டுக்குள் இறங்கிய வெப்பம் சூரியன் மறைந்த பின் வெளியே வருகிறது.

கணக்கு சரியா என்று பார்க்க வேண்டாமா? நகர வானிலை ஆய்வாளர் சூ கிரிம்மண்ட் முன்னின்று நடத்திய ஒப்பீட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட நகர மாதிரிகள் பரீட்சைக்கு உட்கார்ந்தன. விடைத்தாள், மெல்போர்னின் பிரெஸ்டன் புறநகரில் கோபுரம் நட்டு அளந்த தரவு. எந்த ஊர் என்று சொல்லாமல் முதலில் வானிலையை மட்டும் கொடுத்தார்கள். பிறகு பசுமைப் பரப்பு எவ்வளவு, கட்டடங்கள் எவ்வளவு உயரம், சுவர் எதனால் ஆனது என்று படிப்படியாகச் சொன்னார்கள். எல்லாக் கணக்கிலும் முதலிடம் பிடித்த மாதிரி ஒன்றுகூட இல்லை. சிக்கலான மாதிரிகள் எளியவற்றை வென்றுவிடவும் இல்லை. பல மாதிரிகள் தடுமாறிய இடம் ஆவியாதல். நகரம் என்றால் கான்கிரீட் மட்டுமே என்று எண்ணிச் செடி, மரம், புல்லை விட்டவர்கள் அங்கே அடிவாங்கினார்கள். டெப்புக்குள்ளும் பின்னர் தோட்டங்கள் சேர்க்கப்பட்டன.

பாரிஸ் கேள்விக்கான விடை 2013-இல் வெளியானது. அப்போதிருந்த ஏசிகள் தெருக் காற்றை ஏறத்தாழ 0.5 டிகிரி சூடாக்குகின்றன. பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் வெப்பத்தின் ஒரு பகுதியை நீராவியாக வெளியேற்றுகின்றன. அதையும் வறண்ட வெப்பமாகவே வெளியேற்றினால் 1 டிகிரி. அந்த வறண்ட வெப்பமும் இரு மடங்கானால் 2 டிகிரி.

அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்கு 2014-இல் வெளியான கணக்கு இன்னும் வியப்பானது. ஏசிகள் அதிக வெப்பத்தைக் கக்குவது பகலில். ஆனால் பகலில் தெருவில் பாதிப்பு அநேகமாகத் தெரியவில்லை. இரவில் சில பகுதிகள் 1 டிகிரிக்கு மேல் சூடாகின்றன. காரணம் காற்றில் இருக்கிறது. பகலில் தரை சூடேறிக் காற்று கிலோமீட்டர் கணக்கில் மேலெழுந்து கலக்கிறது. கொட்டிய வெப்பம் அத்தனை உயரத்துக்கும் பரவிவிடும். இரவில் கலக்கும் அடுக்கு மெல்லியது. கொஞ்ச வெப்பமும் அங்கேயே தேங்கும்.

தெரு சூடானால் ஏசி மேலும் ஓடும், ஓடினால் தெரு மேலும் சூடாகும். அந்தச் சுழற்சியைப் பிடிக்க டெப்புக்குள் இப்போது வீட்டின் உட்புறமும் வந்துவிட்டது: ஜன்னல், வெயில் மறைப்பு, ஏசியின் திறன் எல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் ஒரு நகரத்தின் சுவர்கள் எதனால் ஆனவை, கூரையின் நிறம் என்ன, மக்கள் எத்தனை மணிக்கு ஏசி போடுகிறார்கள் என்ற விவரங்களை யாராவது கொடுத்தால்தான் அது ஓடும். பல நகரங்களில் இவற்றை இன்னும் யாரும் முறையாகச் சேகரிக்கவில்லை.