கச்சான் வெயிலும் சோலர் தகடும்

கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போனால், “இந்த வெயிலுக்கு எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம்!” என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். சூட்டையும் ஒளியையும் ‘வெயில்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வரும் மயக்கம் இது. சோலர் தகட்டுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை.

தகட்டிலுள்ள சிலிக்கனில் ஒளி படும்போது இலத்திரன்கள் பிணைப்பிலிருந்து விடுபடுகின்றன. இருவகைச் சிலிக்கன் படைகள் சந்திக்கும் இடத்திலுள்ள மின்புலம் அவற்றை ஒரே திசையில் தள்ள, மின்னோட்டம் பிறக்கிறது. சிலிக்கன் சூடேறினால் மின்னழுத்தம் இறங்கும். தகட்டின் வலுவை 25 பாகை செல்சியஸில் அளந்தே எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். நடுப்பகலில் தகடு 60 பாகையைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

சூட்டையே பிடிக்கும் முறையும் உண்டு. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 2014 இல் தொடங்கிய இவன்பா நிலையத்தில் லட்சக்கணக்கான கண்ணாடிகள் மூன்று கோபுர உச்சிகளில் ஒளியைக் குவித்து நீராவி எழுப்பின. குறுக்கே பறந்த பறவைகள் இறகு கருகி விழுந்தன. நம் பக்கம் இது எடுபடாது. குவிப்பதற்கு நேர்க்கதிர் வேண்டும். கடலீரமும் முகிலும் கதிரைச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளியிலும் தகடு வேலை செய்யும், மாரியில்கூடக் கொஞ்சம்.

ஆனால் தகடு நிலத்தைக் கேட்கும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 5 ஏக்கர். வரைபடத்தில் ‘தரிசு’ என்று குறித்திருக்கும் தரவை என்ற மேய்ச்சல் நிலம், பெரும்போகம் என்னும் மாரிகால நெல் விதைப்புக்குப் பின் பட்டி மாடுகளுக்கு இருக்கும் ஒரே புகலிடம். தகட்டின் கீழே புல் வளரும், ஆடு மேயும் என்பார்கள். உண்மைதான். மாடு அப்படியல்ல: தூணில் முதுகைத் தேய்க்கும். அதற்காகத் தகட்டை உயர்த்திக் கட்டினால் இரும்புச் செலவு ஏறும். சுற்றுவேலி யானையின் வழியையும் அடைக்கும்.

நீரில் மிதக்கவிட்டால் நிலம் தப்பும், தகடும் குளிரும், ஆவியாதலும் குறையும். அம்பாறையில் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் உடனே நினைவுக்கு வரும். அதன் அணைக்கட்டு உள்ள இங்கினியாகலையில் நீர்மின் நிலையமும் இருக்கிறது. ஆனால் நீர்ப்பரப்பை அதிகம் மூடினால் பாசிக்கு ஒளி குறையும், மீனுக்கு இரை குறையும். அந்த நீர்த்தேக்கம் கல்லோயாத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. யானைகள் அங்கே தீவுக்குத் தீவு நீந்திப் போகின்றன. மிதவைக்கு நங்கூரம் போடுமுன் அந்த நீச்சல் தடங்களை வரைய வேண்டும், கோடையில் நீர் வற்றும்போது கரை எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்து.