அந்தக் கல்லை எடுத்துப்போகாதீர்கள்

இங்கிலாந்தில் அகழாய்வு வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி: பழைய ஆலயம் இருந்த மேட்டிலிருந்து நாலு கற்களைத் தூக்கிப்போய் யாரோ பூந்தோட்டத்துக்கு வரம்பு கட்டியிருப்பார்கள். கேட்டால், “எப்போதோ இடித்துப் போட்டதுதானே?” என்பார்கள். இடித்துப் போட்டதுதான். ஆனால் அதோடு ஆலயம் ஒழிந்துவிடவில்லை.

பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோக் மாண்டெவில் ஊரின் தூய மரியாள் பங்கு ஆலயம் 1080 வாக்கில் கட்டப்பட்டது. 1866-இல் ஊர் மையத்துக்கு அருகே புது ஆலயம் வந்தபின் பழையது பாழடைந்தது. 1966-இல் அதை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது புதர் மூடிய கல்மேடு. ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதை அவ்வழியே வந்ததால்தான் அங்கே முழு அகழாய்வு நடந்தது. இடிபாடுகளை அகற்றினால், சில சுவர்கள் ஏறக்குறைய ஐந்தடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன. தளமும் குலையவில்லை.

அங்கே கிடைத்த இரண்டு கற்களைப் பாருங்கள். நடுவில் ஒரு துளை, அதிலிருந்து நாற்புறமும் கீறிய கோடுகள். துளையில் குச்சி செருகி, நிழலைக் கொண்டு வழிபாட்டு நேரம் அறியும் சூரியக் கடிகாரம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு வெயில் விழும் தெற்குச் சுவர்தான் வசதி. இவையோ மேற்குப் பக்க முட்டுச்சுவரில், தரையை ஒட்டி இருந்தன. ஆகவே கெட்ட ஆவிகளைத் தடுக்கக் கீறிய காப்புக் குறிகளாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இதே கல் யார் வீட்டுத் தோட்டத்திலாவது கிடந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆலயத்துக்கும் கீழே சக்கிமுக்கிக் கல்லால் ஆன சதுர அஸ்திவாரம் ஒன்று இருந்தது. ரோமானியருக்குப் பின் வந்த சாக்சன் மக்கள் காலத்துக் கோபுரம் என்று முதலில் நினைத்தார்கள். அதைச் சுற்றிய அகழியில் ரோமானியர் காலத்து ஆண், பெண் மார்பளவுச் சிலைகள், ஒரு குழந்தையின் தலை, ஆறுபட்டைக் கண்ணாடிக் குடுவை எல்லாம் வெளிப்பட்ட பிறகு, அது ரோமானியக் கல்லறை மாடமாக இருக்கலாம் என்று கருத்து மாறியது. மெட்டல் டிடெக்டரோடு இரவில் வந்த ஒருவர் அந்தச் சிலைகளை முன்பே பெயர்த்துப் போயிருந்தால், அவருக்குச் சிலை கிடைத்திருக்கும். நமக்குக் கட்டடம் என்னவென்று தெரியாமல் போயிருக்கும்.

உங்கள் நிலத்தில் செதுக்கிய கல்லோ ஓடோ தென்பட்டால் பிடுங்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். கிடக்கிற கிடையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். பொன், வெள்ளி என்று புதையலாகக் கருதத்தக்க பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கொரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரிக்கு, தெரிவிக்க வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம்.

எலும்பு தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் காவல்துறையைக் கூப்பிடுங்கள். ஸ்டோக் மாண்டெவில் ஆலய வளாகத்தில் மட்டும் ஏறக்குறைய 3,000 பேர் புதைக்கப்பட்டிருந்தார்கள். பழைய புதைகுழிதான் என்று உறுதியானாலும், முறையான அனுமதி கையில் வராமல் ஒரு விரலெலும்பைக்கூட நாங்கள் எடுப்பதில்லை.