மணற்புல்வெளி: 'சாண்ட் பிரெய்ரி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'பிரெய்ரி' பிரெஞ்சுச் சொல். 'புல்நிலம்' என்பதுதான் பொருள். வேர் லத்தீனின் 'பிராட்டும்'. 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் நடுப்பகுதிக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள், மரமின்றிப் பரந்து கிடந்த நிலத்துக்குத் தங்களுக்குப் பழகிய இந்தப் பெயரையே வைத்தார்கள். ஆக, நாம் எழுதும் 'பிரெய்ரி புல்வெளி' ஒரு வகையில் 'நடு சென்டர்'தான்.

அதில் மணற்பாங்கானது சாண்ட் பிரெய்ரி. இல்லினாய் மாநிலத்தின் மேசன் கவுண்டியில் இதன் சிறு துண்டுகள் எஞ்சியுள்ளன. பனியாறு உருகிய வெள்ளம் கொட்டிய மணலைக் காற்று மேடாகக் குவித்த நிலம் அது. தாவரவியலாளர் ஹென்றி ஆலன் கிளீசன் 1910இல் இந்த மணல்நிலத் தாவரங்களை விரிவாகப் பதிவுசெய்தார்.

'மணற்பாலை' என்பது பொருந்தாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை உண்டு, மணலில் தங்குவதில்லை, அவ்வளவுதான். 'தேரி' கொஞ்சம் நெருங்கி வரும். ஆனால் தேரி என்றால் செம்மணலும் பனையும் உடைமரமும். புல் நினைவுக்கு வராது. எனவே 'மணற்புல்வெளி' என்பதே சரி.

பூங்காவில் வெட்டிவிட்ட புல்தரையை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். 'லிட்டில் புளூஸ்டெம்' புல் முழங்காலுக்கு மேல் உயர்ந்து, தனித்தனித் தூராக நிற்கும். இலையுதிர் காலத்தில் செம்புநிறமாகும். தூர்களுக்கு நடுவே வெறும் மணலும், பாசியும் பூஞ்சையும் ஒன்றாக வாழும் லைக்கனும் தெரியும். நாம் பசுந்தாள் உரமாக மடக்கி உழும் கொழுஞ்சியின் பேரினத்துச் செடி ஒன்றும் அங்கே உண்டு. சப்பாத்திக்கள்ளிக்கும் அங்கே ஓர் உறவு இருக்கிறது. ஆளுயரம் வளராமல் தரையோடு படரும். குளிருக்கு முன் மட்டைகள் நீரைக் குறைத்துச் சுருங்கி மணலில் படுத்துவிடும். நீர் மிகுந்திருந்தால் உறைந்து செல்களைக் கிழித்துவிடும். அழுகிவிட்டதென்று பிடுங்கிவிடக் கூடாது. வசந்தத்தில் மட்டை மறுபடி உப்பி, ஜூன் வாக்கில் மஞ்சளாகப் பூக்கும்.

'வெறும் மணல்' என்று இரக்கப்பட்டு எதையாவது நடுவதுதான் பெரிய கேடு. பைன் நட்டால் நிழல் விழுந்து புல் மெலியும். பிளாக் லோகஸ்ட் மரம் இன்னும் மோசம்: வேரில் நைட்ரஜன் சேர்த்து மண்ணைக் கொழுக்க வைக்கும், கொழுத்த மண்ணில் களைப்புல் ஏறி மணல் இடைவெளியை மூடிவிடும். புதர் ஏறாமலிருக்கச் சில ஆண்டுகளுக்கொருமுறை தீ வைக்கிறார்கள். முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் எரித்தால் தூருக்குள் குளிரைக் கழிக்கும் பூச்சிகளும் போய்விடும். அதனால் ஒரு பங்கை எரித்து, மீதியை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு விட்டுவைப்பார்கள்.