சூடான பெட்டி, திடீர் மழை

"வில்சன்ஸ் புரொமான்டரி தேசியப் பூங்காவுக்கு, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேம்பர் டிரெய்லரோடு போயிருந்தோம். மடக்கு சோலார் பேனலைப் புல்லில் விரித்து வைத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டதும் எடுத்து வைக்கப் போனேன். 'கரண்ட் அடிக்கும், கிட்டப் போகாதீங்க மாப்பிள்ளை' என்று மாமனார் தடுத்துவிட்டார். அவர் சொன்னது சரியா?" மெல்பர்னிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மாமனார் பயந்தது சரி. பயந்த இடம்தான் தப்பு.

முதலில் பேனலைப் பார்த்துவிடலாம். ஒரு சிலிக்கான் செல் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் தரும். 36 செல்களைக் கோத்தால் நல்ல வெயிலில் 18 வோல்ட், எதிலும் இணைக்காமல் விட்டால் 22 வோல்ட் வரை. 200 வாட் பேனல் என்றால் சுமார் 11 ஆம்பியர். உலர்ந்த கைக்கு 22 வோல்ட் தெரியக்கூடத் தெரியாது. ஈரக்கையில், அதுவும் வெட்டுக்காயம் இருந்தால், சுரீரென்னலாம். இரண்டு பேனலை சீரிஸில் கோத்தால் 44 ஆகிவிடும் என்பதால் மழைநாளில் நான் பேரலலாகத்தான் இணைப்பேன். கண்ணாடி பேனலுக்கு மழை ஒரு குளியல்: தூசு போகும், சூடு தணிந்து வோல்ட்டேஜ் கொஞ்சம் கூடவும் செய்யும். காற்றுதான் அதற்கு எதிரி. விரித்து நிறுத்திய பேனல் பாய்மரம் மாதிரி; ஆணி அடித்துக் கட்டாவிட்டால் பறந்துபோய் வயரையும் பிடுங்கிவிடும்.

சரி, பேனலின் இரண்டு முனைகளும் நனைந்து ஷார்ட் ஆனால்? 11 ஆம்பியர் 12 ஆகும், அவ்வளவுதான். வெளிச்சம் எத்தனை எலக்ட்ரான்களைக் கிளப்புகிறதோ அதற்கு மேல் அதனால் தர முடியாது. டிரெய்லருக்குள் இருக்கும் பேட்டரி அப்படியல்ல. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியின் உள் மின்தடை சில மில்லி ஓம்தான். ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியரைத் தாண்டும். குறுக்கே விழுந்த ஸ்பேனர் பழுக்கக் காய்ந்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவோடு விடும் கருவி சார்ஜ் கன்ட்ரோலர். மடக்கு பேனல்கள் பலவற்றில் அதைப் பேனலின் முதுகிலேயே ஒட்டி விற்கிறார்கள். வசதிதான். ஆனால் அங்கிருந்து டிரெய்லர் வரை ஈரப்புல்லில் கிடக்கும் பத்து மீட்டர் வயர், ராத்திரியும் பகலும், பேட்டரியின் நீட்சி. அந்த வயர் நசுங்கினால் பேசப்போவது பேனல் அல்ல, பேட்டரி. கன்ட்ரோலரைக் கழற்றி பேட்டரி பக்கத்தில் பொருத்திவிட்டால் அதே வயரில் பேனலின் 11 ஆம்பியர் மட்டும்தான். எப்படி வைத்தாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கதை.

என் டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் சோலார் இணைப்புக்காக ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்திருந்தேன். தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி67 முத்திரை, ரப்பர் சீல், நாலு மூலையிலும் திருகு. ஒரு கோடை முடிந்து திறந்தால் உள்ளே இரண்டு கரண்டி தண்ணீர். "நீங்க சரியா முடுக்கலை" என்றார் கடைக்காரர். சரியாகத்தான் முடுக்கியிருந்தேன். விடை, நம் வீட்டு எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது.

சுடச்சுட சோற்றைப் போட்டு மூடியை அழுத்திவிட்டால், ஆறிய பிறகு மூடி வராது. உள்ளே காற்று குளிர்ந்து, நீராவியும் தண்ணீராகி, அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இப்போது மெல்பர்னின் ஜனவரி மத்தியானத்துக்கு வாருங்கள். வடக்கேயிருந்து அனல் காற்று. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் 60 டிகிரி. காலையிலிருந்து சூடேற ஏற உள்காற்று விரிந்து, சீலின் நுண்ணிய இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறிவிட்டது. மூன்று மணிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம். அப்போது தென்மேற்கிலிருந்து, இந்த ஊர்க்காரர்கள் 'கூல் சேஞ்ச்' என்று காத்துக்கிடக்கும் அந்தக் குளிர்காற்று, மழையோடு வந்து சேர்கிறது. சில நிமிடங்களில் பெட்டி 25 டிகிரிக்கு இறங்குகிறது.

பத்தாம் வகுப்புக் கணக்குதான். 60 டிகிரி என்பது 333 கெல்வின். 25 என்பது 298. கொள்ளளவு மாறாதபோது அழுத்தம் வெப்பநிலையோடு நேராகக் குறையும். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. வளிமண்டல அழுத்தம் முழுவதும் சேர்ந்தால் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் கனம். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு மீட்டர்.

ஐபி67 சோதனையில் பெட்டியை எத்தனை ஆழத்தில் முக்குகிறார்கள்? ஒரு மீட்டர், 30 நிமிடம். அதாவது, வெயிலில் காய்ந்து மழையில் நனையும் ஒவ்வொரு நாளும் என் பெட்டி அதே பரீட்சையை மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. அதுவும் புது ரப்பரை வைத்தல்ல, வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பரை வைத்து. இதில் இயற்கையின் குறும்பைப் பாருங்கள்: பெட்டி மூச்சை உள்ளே இழுக்கும் அதே நொடியில் சீலின் மேல் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிற்கிறது. இழுத்ததும் தண்ணீர். மறுநாள் சூடாகும்போது காற்றும் கொஞ்சம் நீராவியும்தான் வெளியே போகும். அடியில் தேங்கிய தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கும். வால்வே இல்லாத ஒரு பம்ப்! முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று, பெட்டி கெட்டுப்போன வருத்தமே எனக்குப் போய்விட்டது.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்யும் என்பது 1800ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் மின்கலத்திலிருந்து இரண்டு பித்தளைக் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டார்கள். ஒன்றில் ஹைட்ரஜன் குமிழிட்டது. மற்றொன்று, அதாவது பாசிட்டிவ் கம்பி, அரிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய டிரெய்லர்களில் எங்கும் காணும் ஆண்டர்சன் பிளக்கில் பாசிட்டிவும் நெகட்டிவும் அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. நடுவே அழுக்கு மழைநீர் நின்றால் அந்தப் பரிசோதனை அங்கே தானாக நடக்கும். ஒரு மில்லி ஆம்பியர் கசிந்தால் போதும், ஒரு நாளைக்கு 28 மில்லிகிராம் செம்பு கரையும். மாதத்துக்கு முக்கால் கிராமுக்கு மேல். கரைந்த செம்பு பச்சைக் களிம்பாக வந்து நிற்கும். ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் உவமை சொன்ன அதே செம்பின் களிம்பு. பூஜைச் செம்பு என்றால் புளி போட்டுத் துலக்கலாம். பிளக்கில் அந்த வேலை வேண்டாம், புளியின் அமிலம் உள்ளே தங்கி இன்னும் அரிக்கும். வெட்டிவிட்டு வேறு பிளக் போடுவதே மேல்.

களிம்பு ஏறிய இணைப்பில் மின்தடை அரை ஓம் என்று வையுங்கள். 11 ஆம்பியர் ஓடினால் அந்தக் கட்டைவிரல் அளவு இடத்தில் 60 வாட் வெப்பம், ஒரு சால்டரிங் அயர்னின் சக்தி. ஃபியூஸ் போகாது. ஏனென்றால் மின்னோட்டம் கூடவே இல்லை.

கூரை சோலாரில் வோல்ட்டேஜ் பல நூறு என்பதால் இதே கதை தீயில் முடியும். பாதுகாப்புக்கென்று, பேனலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் டிசி ஐசொலேட்டர் சுவிட்சுகளைக் கூரைமேல் வைப்பதை ஆஸ்திரேலியா 2012 தரநிலையில் கட்டாயமாக்கியது. அந்த சுவிட்ச் பெட்டிகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து தீப்பிடிக்க ஆரம்பித்ததும், 2021 தரநிலையில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. செல்லின் திறன் அரை சதவீதம் ஏறினால் செய்தி வருகிறது, நிதி வருகிறது. ஒரு ரப்பர் வளையம் பத்து வருட வெயிலில் என்ன ஆகிறது என்று ஆராய்கிறவருக்கு யார் சால்வை போடுகிறார்கள்? எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு.

சரி, வாசகருக்கு வருகிறேன். பேனல் வயர்களைக் கோக்கும் எம்சி4 கனெக்டர்கள் பூட்டியிருக்கும்போதுதான் தண்ணீர் புகாதவை. பிரித்துப் போட்டால் திறந்த வாய், மூடி போட்டு வையுங்கள். பிரிப்பதற்கு முன் பேனல்மேல் கெட்டியான போர்வையைப் போடுங்கள், அதற்கு வேறு சுவிட்ச் கிடையாது. இணைப்புகள் தரையில் கிடக்க வேண்டாம், வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். வயர் பெட்டிக்குள் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழைவதற்கு முன் தொட்டில் மாதிரி கொஞ்சம் தொங்கட்டும், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடி கேட்டால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

மாமனாரின் பயம் உண்மையில் போக வேண்டிய இடம் இன்வெர்ட்டர். 12 வோல்ட்டை 230 ஆக்கும் அந்தப் பெட்டியும் அதிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் வயரும் மழை பக்கமே போகக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத இன்வெர்ட்டரை ஈரத் தரையில் நின்று தொடவே தொடாதீர்கள்.

வாசகர் அனுப்பிய படத்தில் டிரெய்லரின் முன்பக்கம் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்குகின்றன, ஆண்டர்சன் பிளக்குக்கு நேர் மேலே. திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, எலுமிச்சைச் சாறு மழைநீரைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

என் பெட்டி? புதிதாக சீல் எதுவும் வாங்கவில்லை. அடியில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை போட்டேன். இப்போது அது தாராளமாக மூச்சு விடுகிறது. இழுப்பது கீழேயிருந்து காற்றை. மூன்று கோடைகளாக உள்ளே உலர்ந்துதான் இருக்கிறது. போன வாரம் திறந்தபோது ஒரு சிலந்தி மட்டும் குடியிருந்தது.