எஸ்.எஸ். பிளேட்டில் பிட் ஏன் கருகுகிறது? ட்ரில்லிங் மெஷினின் வேகத்தைக் குறைக்கும் வழி

10 மி.மீ. கனமுள்ள 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்டில் 12 மி.மீ. துளை போட வேண்டும். எம்.எஸ்.ஸில் (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) வெண்ணெயாக இறங்கிய அதே பிட், இங்கே 2 மி.மீ. போனதும் கீச்சிடுகிறது, புகைகிறது, பிறகு இறங்காமல் வெறுமனே சுற்றுகிறது. கழற்றிப் பார்த்தால் வெட்டு விளிம்பின் வெளி ஓரம் மட்டும் நீலம் பாய்ந்து மழுங்கியிருக்கும். நடுப்பகுதி புதிதுபோல இருக்கும். ஒரே சுற்றில் அதிக தூரம் ஓடுவது அந்த ஓரம்தான். பிட் விற்ற கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மெஷினின் பெல்ட் மூடியைத் திறந்து பாருங்கள்.

கணக்கு எளிது. உலோகத்துக்கு உரிய வெட்டு வேகத்தை (நிமிடத்துக்கு இத்தனை மீட்டர்) 318ஆல் பெருக்கி, பிட்டின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் ஆர்.பி.எம். வரும். ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட்டுக்கு எம்.எஸ். என்றால் சுமார் 25 மீட்டர், 304 எஸ்.எஸ். என்றால் சுமார் 12. ஆக நம் துளைக்கு 318 ஆர்.பி.எம். போதும். பல சிறிய பெஞ்ச் ட்ரில்களில் ஆகக் குறைந்த வேகமே 500ஐ ஒட்டி இருக்கும். அதில் ஓர வேகம் 19 மீட்டர். இந்த வித்தியாசம் அற்பமல்ல. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் கண்ட விதிப்படி, ஹை ஸ்பீடு ஸ்டீலில் வேகம் 20 சதவீதம் கூடினாலே பிட்டின் ஆயுள் கால்வாசியாகிவிடும்.

எஸ்.எஸ்.ஸுக்கு இன்னொரு குணம்: உரசினால் இறுகும். பிட் வெட்டாமல் தேய்த்த மேற்பரப்பு, அடுத்த சுற்றுக்குள் இன்னும் கெட்டியாகிவிடும். அதனால் மெதுவாகச் சுற்றி, அழுத்தி இறக்க வேண்டும். சுற்றுக்கு 0.15 மி.மீ. இறங்கினால் இந்தத் துளை 20 விநாடியில் முடிந்துவிடும். பாதியில் அழுத்தத்தை விடாதீர்கள்.

வேகத்தைக் குறைக்க சிலர் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். வேண்டாம். இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைப் பிடித்து வைத்திருப்பது 50 ஹெர்ட்ஸ் அலைவெண். வோல்டேஜ் பாதியானால் முறுக்குவிசை கால்வாசியாகும். வேகம் முக்கால்வாசிக்குக் கீழே விழுந்தால், கிளம்பியதும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டித்துவிடும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் மீண்டும் மூடி, அந்த வைண்டிங் கருகும். அலைவெண்ணை மாற்றித் தரும் சாதாரண வி.எஃப்.டி.யும் இந்த சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு ஆகாது. த்ரீ ஃபேஸ் மோட்டார் மாற்ற வேண்டும். மாற்றினாலும், வேகம் குறைவதால் முறுக்குவிசை ஏறாது. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோட்டாரின் சொந்த ஃபேனும் சோர்ந்துபோகும், சூடேறும்.

கடின உலோகத்துக்குச் சரியான வழி, மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் (பிட்டைச் சுற்றும் தண்டு) இடையே ஒரு நடு புல்லிதான். 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் 60 மி.மீ. புல்லி, அது ஓட்டுவது 150 மி.மீ. புல்லியை, அதே தண்டில் இன்னொரு 60, அது ஸ்பிண்டிலின் 150ஐ ஓட்டும். 1440 முதலில் 576 ஆகும், பிறகு 230. வேகம் ஆறில் ஒரு பங்காகிறது, முறுக்குவிசை (உராய்வு போக) ஆறு மடங்காகிறது. 20 மி.மீ. தண்டு, இரண்டு 6204 பேரிங், அந்த நடுத் தண்டைத் தாங்க 10 மி.மீ. பிளேட்டில் வெட்டிய கை, பெல்ட் இறுக்க அதில் நீள்துளை: இவ்வளவுதான் வேலை. புல்லிகளைத் தண்டில் கீ (இரண்டையும் பூட்டும் சிறு உலோகத் துண்டு) போட்டுப் பூட்டுங்கள். வெறும் கிரப் ஸ்க்ரூ இந்த விசைக்குத் தாங்காது. ஸ்கேலை வைத்து ஜோடிப் புல்லிகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோணலானால் பெல்ட்டின் ஒரு பக்கம் கறுப்புத் தூளாக உதிரும். 60 மி.மீ.க்குக் கீழே புல்லி போட ஆசைப்படாதீர்கள்: பெல்ட் வழுக்கும்.

ஒரு எச்சரிக்கை. முன்பு பிட் மாட்டிக்கொண்டால் பெல்ட் வழுக்கித் தப்பவிட்டது. இனி பிட் ஒடியும், இல்லையேல் பிளேட் சுழலும். வைஸை மேசையோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள். கையுறை வேண்டவே வேண்டாம்.

12 மி.மீ. பிட்டின் நடுமுனை வெட்டாது, நசுக்கும். எனவே முதலில் 3 மி.மீ. பைலட் துளை (பெரிய பிட்டுக்கு வழிவிடும் சிறு துளை) போடலாம். ஆனால் அதற்கு 1270 ஆர்.பி.எம். வேண்டும். 230இல் ஓட்டினால், கையழுத்தத்துக்கு மெல்லிய பிட் ஒடிந்துவிடும். எரிச்சலான வேலைதான், பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். பிறகு கட்டிங் ஆயில் விட்டு, பெரிய பிட்டை இறக்கி, வரும் சுருளைப் பாருங்கள்: வெள்ளியாகவோ வெளிர் மஞ்சளாகவோ இரண்டு பக்கமும் சமமாக வந்தால் வேகம் சரி. நீலமானால் பெல்ட்டை இன்னொரு படி இறக்குங்கள்.